ஃபைட்டர் மீன் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெட்டா எனப்படும் ஃபைட்டர் மீனைக் கடையில் பார்த்து வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கலர் மீன் கடையில் வரிசையாகக் கோப்பைகளில் ஃபைட்டர் வைத்திருக்கிறார்கள். பாதி மீன்கள் அசையாமல் அடியில் கிடக்கின்றன. கேட்டால், "ஃபைட்டர் அப்படித்தாங்க இருக்கும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? நல்ல மீனை எப்படி அடையாளம் காண்பது?
— வாசகி, சேலம்

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. ஃபைட்டர் ஓயாமல் நீந்தும் மீன் அல்ல. சற்று நேரம் நீந்தும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். ஆனால் ஓய்வெடுக்கும் மீனும் தன் முன்னால் யாராவது வந்து நின்றால் கவனிக்கும். கோப்பையின் பக்கவாட்டில் விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். கண்ணாடியைத் தட்டக் கூடாது. நல்ல மீன் விரலைப் பின்தொடரும், அல்லது செவுள் மூடியை விரித்துச் சிலிர்க்கும், குறைந்தபட்சம் திரும்பியாவது பார்க்கும். ஒரு நிமிடம் ஆகியும் கண்ணைக்கூட அசைக்காத மீனை விட்டுவிடுங்கள்.

மீனுக்கு முன்னால் கடையைப் பாருங்கள். செத்த மீன் கிடக்கும் கோப்பைகள் இரண்டு மூன்றுக்கு மேல் கண்ணில் பட்டால் அன்று அங்கே வாங்க வேண்டாம். எல்லாக் கோப்பைகளுக்கும் ஒரே வலையைப் போட்டு எடுக்கிறார்கள் என்றால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போயிருக்கும். லோடு எப்போது வந்தது என்று கேளுங்கள். நேற்று வந்த மீன் பயணக் களைப்பில் இருக்கும், அதன் நோயும் இன்னும் வெளியே தெரியாது. வந்து ஐந்தாறு நாள் கழிந்த மீன் தேறியிருந்தால் தேறியிருக்கும், சாவதாக இருந்தால் செத்திருக்கும். அந்த வடிகட்டலைக் கடையிலேயே நடக்க விடுவது உங்களுக்கு நல்லது.

இனி மீனுக்கு வருவோம். பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதுகு நேராகவோ மென்மையான வளைவாகவோ இருக்க வேண்டும். கூன் இருந்தால் வேண்டாம். வயிறு லேசாக உருண்டிருக்க வேண்டும், ஒட்டிப்போயிருக்கக் கூடாது. வயிற்றுக்கு முன்னால் தொங்கும் இரண்டு மெல்லிய துடுப்புகளும் முழுதாக, அசைந்துகொண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். பலர் வாலை மட்டுமே பார்ப்பதால் இவை குட்டையாகவோ திருகியோ இருப்பது கவனத்துக்கு வருவதில்லை. அடுத்து மேலிருந்து பாருங்கள். தலை அகலமாகவும் உடல் வாலை நோக்கிச் சீராகக் குறுகியும் இருப்பது நல்ல அறிகுறி. தலை பெரிதாகவும் உடல் குச்சியாகவும் தெரிந்தால் நீண்ட நாள் பட்டினி, அல்லது உள்நோய். முன்னாலிருந்து பார்த்தால் இரு கண்களும் ஒரே அளவில் தெளிவாக இருக்க வேண்டும்.

மூச்சைக் கவனிப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். தாய்லாந்து வட்டாரத்தின் நெல்வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் வளர்ந்த இனம் இது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜன் எடுக்கும் தனி உறுப்பு உண்டு. ஆகவே அவ்வப்போது மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு இறங்குவது இயல்பு. இறங்காமல் மேற்பரப்பிலேயே வாயை வைத்தபடி செவுள் படபடக்க நிற்பது இயல்பு அல்ல. செவுள் கெட்டிருக்கும், அல்லது தண்ணீரில் அம்மோனியா ஏறியிருக்கும்.

கடைசியாக, ஒன்றிரண்டு உருண்டைத் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து விழுங்கி, துப்பாமல் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. போடத் தயங்கும் கடைக்காரரிடம், சற்று முன்தான் தீனி போட்டாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் யோசிக்க வேண்டியது நீங்கள்.

கோப்பைகளுக்கு நடுவே அட்டை வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த மீன் சிலிர்க்கவே இல்லை. அது நோய்தானா?
— வாசகர், கும்பகோணம்

அப்படி முடிவுகட்ட வேண்டாம். நாள் முழுக்க எதிரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆண் மீன் களைத்துப்போய்ச் சிலிர்ப்பதை நிறுத்திவிடும். அந்தக் கோப்பையை மட்டும் தனியே எடுத்து, சுற்றிலும் தாளால் மறைத்துப் பத்து நிமிடம் விடச் சொல்லுங்கள். பிறகு சிறு கண்ணாடியைக் காட்டுங்கள். நல்ல மீன் பெரும்பாலும் உடனே துடுப்பு அத்தனையும் விரிக்கும். விரித்த நிலையில்தான் கிழிசல், ஓட்டை, ஒட்டிக்கொண்ட கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய நரம்புகள்) எல்லாம் தெரியும் என்பதால் இது இரட்டை லாபம். ஒரு நிமிடத்துக்கு மேல் கண்ணாடி காட்ட வேண்டாம்.

பார்த்தவுடன் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய நோய்கள் எவை? கைபேசி டார்ச் அடித்துப் பார்க்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் நேரே கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். அப்படி அடிக்கும்போது உடல் முழுக்க, குறிப்பாகத் தலைக்குப் பின்னால், மிக நுண்ணிய மஞ்சள் அல்லது துரு நிறத் தூசு படிந்ததுபோல் மின்னினால் அது வெல்வெட் நோய். ஃபைட்டரைக் கொல்வதில் முதல் வரிசையில் உள்ள ஒட்டுண்ணி இது. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். செதிலின் இயற்கையான உலோகப் பளபளப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இயற்கைப் பளபளப்பு ஒவ்வொரு செதிலின் வடிவத்தையும் ஒட்டி வரிசையாக இருக்கும். வெல்வெட் வரிசை பார்க்காமல் துடுப்பிலும் கண்ணோரத்திலும்கூடப் படிந்திருக்கும். துடுப்பை மடக்கிக்கொண்டு இருப்பதும், கோப்பையின் சுவரில் உடம்பைத் தேய்ப்பதும் கூடவே வரும்.

வெண்புள்ளி நோய் எளிதில் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும், லேசாக மேடிட்ட வெள்ளைப் புள்ளிகள் உடலிலும் துடுப்பிலும் சிதறிக் கிடக்கும். இதைக் குணப்படுத்த முடியும். என்றாலும் முதல்முறை மீன் வளர்ப்பவர் நோயோடு வாங்கி வைத்தியம் பார்க்கத் தேவையில்லை.

அஞ்ச வேண்டியது காலம்னாரிஸ். வாயைச் சுற்றியோ முதுகின் நடுவிலோ சாம்பல் வெள்ளையில் ஒரு திட்டு. பஞ்சு ஒட்டியதாகத் தெரிவதால் பூஞ்சை என்று சொல்லி விற்றுவிடுவார்கள். இது பாக்டீரியா. வெப்பம் கூடக்கூட வேகம் எடுக்கும், நம் ஊர்க் கோடையில் ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும். அந்தக் கடையின் மற்ற மீன்களையும் அன்று தொடாதீர்கள்.

வயிறு உப்பி, மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப் பழத்தின் தோலாகத் தூக்கி நின்றால் சிறுநீரகம் செயலிழந்த நிலை. பிழைப்பது அரிது. ஒரு கண்ணோ இரு கண்ணோ பிதுங்கியிருப்பது, பக்கவாட்டில் சாய்ந்து மிதப்பது, அடியிலிருந்து எழ முடியாமல் நெளிவது ஆகியவையும் வேண்டாம் என்ற பட்டியலில்தான்.

கூன் விழுந்து, தின்றும் மெலிந்துகொண்டே போகும் மீனுக்கு மீன் காசநோய் இருக்கக்கூடும். அதற்குக் காரணமான பாக்டீரியா மனிதரின் தோல் காயத்தின் வழியாகவும் தொற்றும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது எந்த மீன் தொட்டியிலும் கையை விடாதீர்கள்.

பெண் ஃபைட்டர் ஒன்றின் அடிவயிற்றில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. வெண்புள்ளி நோய் என்று நினைத்து வாங்காமல் வந்துவிட்டேன். சரிதானே?
— வாசகி, திருச்சி

நல்ல மீனை விட்டுவிட்டீர்கள். வயிற்றுத் துடுப்புகளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளி முட்டைக் குழாய். பெண் என்பதற்கு அதுவே அடையாளம். குட்டை வால் கொண்ட பிளக்காட் ஆண்களைப் பெண் என்று சொல்லி விற்பது அடிக்கடி நடக்கிறது, அங்கே இந்தப் புள்ளி கைகொடுக்கும். இளம் ஆண் மீன்களிலும் சில சமயம் இது தெரிவதுண்டு என்பதால் கூடவே செவுளையும் பாருங்கள். சிலிர்க்கும்போது செவுள் மூடிக்குக் கீழே தாடிபோல் அகலமான சவ்வு வெளியே வந்தால் பெரும்பாலும் ஆண்.

உடலில் குறுக்காக மேலிருந்து கீழே கோடுகள் விழுந்த பெண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயார். தலையிலிருந்து வாலுக்கு ஓடும் கோடுகள் பயத்தைக் காட்டும். இரண்டுமே நோய் அல்ல.

வால் கிழிந்த மீனைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், மதுரை

கிழிசலின் விளிம்பைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஓரம் சுத்தமாக, அரைவட்டமாகக் கடித்து எடுத்ததுபோல் இருந்தால் மீன் தானே தன் வாலைக் கடித்திருக்கிறது, அல்லது எங்கோ மாட்டிக் கிழிந்திருக்கிறது. சுத்தமான தண்ணீரில் சில வாரங்களில் வளர்ந்துவிடும். புதிதாக வளரும் பகுதி நிறமற்றுக் கண்ணாடியாகத் தெரியும். அப்படி ஒரு மெல்லிய ஓரம் ஏற்கெனவே இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

விளிம்பு கறுத்தோ சிவந்தோ, ஒழுங்கில்லாமல் உருகியதாகவோ இருந்தால் துடுப்பு அழுகல். அழுகல் ஓரத்தோடு நின்றிருந்தால் தினமும் தண்ணீர் மாற்றியே மீட்கலாம். உடலைத் தொட்டுவிட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

ஒரு கடையில் தண்ணீர் நீலமாக இருக்கிறது, இன்னொரு கடையில் டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. எது நல்லது?
— வாசகர், சென்னை கொளத்தூர்

பழுப்பு நிறம் பெரும்பாலும் வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலையிலிருந்து வருவது. பாதாம் இலை என்ற பெயரில் கடைகளில் விற்கிறார்களே, அதுதான். அதன் துவர்ப்புச் சத்து தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும்) அளவைச் சற்றுக் குறைக்கும், நுண்கிருமிகளையும் ஓரளவு கட்டுப்படுத்தும். ஃபைட்டருக்கு உகந்தது. அக்கறையுள்ள கடை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இலை இல்லாமல் பழுப்பாக, நுரையோடு நாற்றம் அடித்தால் அது கழிவு.

நீலம் மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிக்கும் போடும் மருந்து. முன்னெச்சரிக்கையாக எல்லாக் கோப்பையிலும் துளி போடும் கடைகள் உண்டு. ஒரே ஒரு கோப்பை மட்டும் நீலமாக இருந்தால் அந்த மீனுக்கு வைத்தியம் நடக்கிறது என்று பொருள். எந்த நிறமாக இருந்தாலும் வாங்கும் மீனைத் தெளிந்த தண்ணீருக்கு மாற்றச் சொல்லி, பிறகு பாருங்கள். நிறத்தண்ணீருக்குள் வெல்வெட்டையும் அழுகலையும் பார்க்க முடியாது.

ஹாஃப்மூன், கிரவுன்டெய்ல், பிளக்காட், டம்போ என்று என்னென்னவோ சொல்கிறார்கள். முதல்முறை வளர்ப்பவர் எதை வாங்கலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

பிளக்காட். காட்டு மீனுக்கு மிக அருகில் இருக்கும் உடலமைப்பு அதற்குத்தான். குட்டைத் துடுப்பு, வேகமான நீச்சல், வால் கடிக்கும் பழக்கமும் குறைவு. வாலின் அழகு குறைவு என்று பலர் கடந்துபோகிறார்கள். நலமாக நீந்தும் மீனின் அழகு வேறு எதிலும் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஹாஃப்மூன் என்பது வால் முழுதாக விரியும்போது 180 டிகிரி அரைவட்டம் அமைவது. பார்க்க அருமை. ஆனால் அந்தத் துடுப்பைச் சுமந்து நீந்துவது மீனுக்கு உழைப்பு. ரோஸ்டெய்ல் என்ற வகையில் கதிர்கள் கிளைத்துக் கிளைத்து மடிப்பு விழும்படி வளர்த்துவிட்டார்கள். அவை களைத்து அடியில் கிடப்பதும் தம் வாலைத் தாமே கடிப்பதும் சகஜம், வாங்க வேண்டாம். டம்போ என்பது காதுபோல் பெரிய பக்கத் துடுப்பு. வாலும் நீளமாக இல்லாதவரை சமாளிக்கும். இரட்டை வால் மீன்களுக்கு உடல் குட்டையாக இருக்கும், முதுகெலும்புக் கோளாறும் மிதவைப்பை கோளாறும் அவற்றில் அதிகம்.

கிரவுன்டெய்ல் இந்தோனேசியாவில் உருவான வகை. கதிர்கள் சவ்வைத் தாண்டி முள்முள்ளாக நீண்டிருக்கும். நம் போர்த் தண்ணீரின் உப்பு, கடினத்தன்மை கூடினால் முனைகள் சுருண்டுகொள்ளும், பிறகு நிமிராது.

டிராகன் வகைக்குத் தடித்த வெள்ளிச் செதில் உண்டு. அந்தச் செதில் கண்ணின் மேலும் வளர்ந்து பார்வையை மறைப்பது அதன் பரம்பரைக் குறை. இளம் மீனின் கண்ணோரத்தில் வெள்ளிப் படலம் தொடங்கியிருக்கிறதா என்று டார்ச்சில் பாருங்கள். கோய், மார்பிள் வகைகளை நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அந்த நிறம் நிலைக்காது. சில மாதத்தில் ஆரஞ்சு போய்க் கறுப்போ நீலமோ ஏறலாம். அது நோயும் அல்ல, கடைக்காரர் ஏமாற்றியதும் அல்ல, அந்த மரபின் இயல்பு.

பெரிய மீனாகப் பார்த்து வாங்கினால் நல்லதா?
— வாசகர், விழுப்புரம்

இல்லை. நல்ல பராமரிப்பில் ஃபைட்டரின் ஆயுள் ஏறக்குறைய மூன்று ஆண்டு. நீண்ட வால் முழுதாக வளர்ந்த ஆண் கடைக்கு வரும்போதே பல மாதங்களைக் கடந்திருக்கும். வாலை விட்டுவிட்டு உடலை மட்டும் கணக்கிட்டு மூன்றரை, நான்கு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சுறுசுறுப்பான மீனைத் தேர்ந்தெடுங்கள். முதுகு கூனத் தொடங்கி, துடுப்பு ஓரம் நைந்து, தலையில் நிறம் வெளுத்திருந்தால் வயதான மீன். ஜெயன்ட் வகைக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது.

சாகக் கிடக்கும் மீனைப் பார்த்து என் மகன் அழுகிறான். காப்பாற்றலாம் என்று வாங்கினால் தவறா?
— வாசகி, நாகர்கோவில்

உங்கள் மகனின் மனம் நல்ல மனம். ஆனால் அந்த மீனுக்குக் கொடுக்கும் பணம் கடைக்காரர் அதேபோல் இன்னொரு மீனை அதே கோப்பையில் கொண்டுவந்து வைப்பதற்கான பணம். மருந்தும் தனித் தொட்டியும் அனுபவமும் இருப்பவர்கள் முயலலாம். முதல் மீன் வாங்கும் குழந்தை இரண்டாம் நாளே அதைப் புதைக்க நேர்வதைத் தவிர்த்துவிடுங்கள். "அண்ணே, இந்தக் கோப்பைத் தண்ணியை மாத்திடுங்க" என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். வாங்க வருபவர்கள் பார்த்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் கடைகள் மாறுகின்றன.

எல்லாம் பார்த்து நல்ல மீனாகத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து முக்கால் மணி நேரம் பையிலேயே மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்துதான் விட்டேன். மறுநாள் செத்துவிட்டது. ஏன்?
— வாசகர், தாம்பரம்

நீங்கள் விவரித்த முறை சுத்தமான தண்ணீரில் வந்த மீனுக்குச் சரி. அழுக்குக் கோப்பைத் தண்ணீரோடு வந்த மீனுக்கு அதுவே ஆபத்து. காரணத்தைச் சொல்கிறோம்.

பல நாள் மாற்றாத கோப்பையில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அதே நேரம் கரியமில வாயுவும் மற்ற அமிலங்களும் சேர்ந்து பி.எச். அளவு இறங்கும். பி.எச். 7 அல்லது அதற்குக் கீழே இருக்கும்வரை அந்த அம்மோனியாவில் ஏறத்தாழ முழுவதும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். நம் வீட்டுப் போர்த் தண்ணீர் பல இடங்களில் பி.எச். 8ஐ ஒட்டி இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும்போது பையின் பி.எச். ஏறுகிறது, தீங்கற்றது நஞ்சாக மாறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7இல் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8இல் அது ஐந்து பங்குக்கு மேல். பையைத் திறந்து முக்கால் மணி நேரம் அந்த நஞ்சிலேயே மீன் இருந்திருக்கிறது.

ஆகவே கடையிலேயே புதுத் தண்ணீருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாமல் அழுக்குத் தண்ணீரோடு வந்தால், மூடிய பையைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமப்படுத்துங்கள். திறந்தபின் தொட்டித் தண்ணீரைக் கலந்துகொண்டிருக்காமல், உடனே சிறு கோப்பையால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். வலை நீண்ட துடுப்பைக் கிழிக்கும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போக வேண்டாம். தொட்டி விளக்கை அன்று அணைத்தே வையுங்கள்.

சென்னைக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினையும் சந்தேகியுங்கள். ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. இரண்டையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்தாகப் பார்த்து வாங்கி, அதில் சொன்ன அளவு கலந்துவிடுங்கள்.

இன்னொரு காரணம், தொட்டி புதிதாக இருப்பது. வடிகட்டியில் நல்ல பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை. அந்த நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். தொட்டி 15, 20 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். பூச்சாடியும் சிறு உருண்டைக் கிண்ணமும் ஃபைட்டருக்கு வீடு அல்ல. மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், வேகமான நீரோட்டம் மீனைக் களைக்கவைக்கும். மூடி கட்டாயம், ஃபைட்டர் நன்றாகத் துள்ளும். ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல்கடை காற்று இருக்கட்டும்.

பயணத்தின்போது ஆக்சிஜன் நிரப்பச் சொல்ல வேண்டுமா? கூரியரில் வரவழைப்பது சரியா?
— வாசகர், வேலூர்

ஃபைட்டருக்கு வெறும் காற்றே போதும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று. ஒரு பைக்கு ஒரு மீன்தான். செய்தித்தாளைச் சுற்றி இருட்டாக்கிவிட்டால் அமைதியாக வரும். மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்க் மேல் வெயிலில் வைத்து எடுத்துவராதீர்கள்.

கூரியரில் வாங்குவதானால் அந்த மீனின் படத்தை மட்டும் நம்பாமல், அன்றைய தேதி சொல்லி எடுத்த காணொளி கேளுங்கள். தீனி தின்பதும் அதில் இருக்க வேண்டும். செத்து வந்தால் என்ன ஏற்பாடு என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டு, பெட்டியைப் பிரிப்பதை நிறுத்தாமல் காணொளி எடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம்.

ஊட்டியில் ஃபைட்டர் வளர்க்க முடியுமா?
— வாசகி, உதகமண்டலம்

ஹீட்டர் இருந்தால் தாராளமாக. தண்ணீர் 26, 27 டிகிரியில் நிற்க வேண்டும். 20 லிட்டர் தொட்டிக்கு உங்கள் ஊர்க் குளிரில் 50 வாட் வேண்டியிருக்கும். தெர்மோஸ்டாட் பழுதாகி மீன் வெந்துபோவதும் நடப்பதால், தனியாக ஒரு தெர்மாமீட்டர் ஒட்டித் தினமும் பாருங்கள். சமவெளியில் மார்கழி, தை இரவுகளைத் தவிர ஹீட்டர் அவ்வளவாகத் தேவைப்படாது.

புது மீன் வந்து இரண்டு நாளாகத் தின்னவில்லை. கடையில் நன்றாகத்தான் தின்றது.
— வாசகர், ஈரோடு

இடம் மாறிய ஃபைட்டர் இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருப்பது உண்டு. முதல் நாள் தீனியே போட வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து ஒரே ஒரு உருண்டை போட்டு, பத்து நிமிடத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். கிடந்து அழுகினால் அதுவே நோய்க்கு வழி. கடையில் என்ன தீனி போட்டார்கள் என்று கேட்டு அதையே கொடுத்துப் பாருங்கள். உயிர்ப்புழுவுக்குப் பழகிய மீன் உருண்டையைத் தீனி என்றே எண்ணாது. அப்படியானால் உறைந்த ரத்தப்புழு ஒன்றிரண்டை முதலில் கொடுத்து, மெல்ல உருண்டைக்கு மாற்றலாம். சாக்கடையில் பிடித்த ட்யூபிஃபெக்ஸ் புழு வேண்டாம். தேறியபின் காலை இரண்டு, மாலை இரண்டு உருண்டை போதும். ஐந்தாம் நாளும் தின்னாமல், துடுப்பை மடக்கி ஒதுங்கியிருந்தால் டார்ச்சை எடுத்து மறுபடி வெல்வெட் இருக்கிறதா என்று பாருங்கள்.